டிசம்பரா, தையா, மார்ச்சா: புது கார் எப்போது வாங்கலாம்?

டிசம்பர் பிறந்ததும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வரும். ஜனவரி 1 முதல் விலையை ஏற்றப்போகிறோம் என்று கார் நிறுவனங்கள் வரிசையாக அறிவிக்கும். அதே நாட்களில் ஷோரூம் வாசலில் ஆண்டு இறுதிச் சலுகை என்று பேனர் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, இந்த மாதமே வாங்காவிட்டால் கையில் இருக்கும் பணம் போய்விடும் என்ற பதற்றம் வருவது இயல்பு. பல வருடங்களில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் சரியாக இருக்காது. காரை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், வாங்க நினைக்கும் மாடல் புதிதாக வந்ததா, மாறப்போவதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் காலண்டரைப் பார்ப்பதில் பயன் இருக்கிறது.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நிறுவனம் மாதாமாதம் சொல்லும் விற்பனை எண்ணிக்கை பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்கு. டீலர் அந்த வண்டிகளைக் கடன் வாங்கித்தான் எடுத்து வைத்திருப்பார். யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நாள்தோறும் வட்டி ஏறும். 2024 செப்டம்பர் முடிவில் நாடு முழுவதும் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமான கார்கள் தேங்கி நின்றன. அவற்றின் மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய் என்று டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது. 21 நாள் சரக்கு இருந்தால் போதும் என்று அந்தக் கூட்டமைப்பு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டு முடிவில் சில எஸ்யுவிகளுக்கு லட்சத்தைத் தாண்டிய தள்ளுபடி கிடைத்ததற்குக் காரணம் இந்தத் தேக்கம்தான். 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது நிலைமை தலைகீழ். கேட்ட நிறம் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், தேவை அதிகமாக இருந்த மாடல்களுக்கு டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் விரும்பும் மாடலுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். “நாளைக்கே எடுத்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால் பேரம் பேச இடம் இருக்கிறது. “மூன்று மாதம் ஆகும்” என்றால் எந்த மாதம் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவைப்படும்போது புக் செய்துவிடுங்கள்.

சரி, டிசம்பருக்கு வருவோம். தமிழ்நாட்டில் டிசம்பருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 16ஆம் தேதி வாக்கில் மார்கழி பிறந்துவிடும், அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் புது வண்டி எடுக்க விடமாட்டார்கள். மார்கழிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று மாதத்தின் முதல் பாதியில் கூட்டம் வரும். இரண்டாம் பாதியில் ஷோரூம் வெறிச்சோடும். ஆனால் டீலருக்கு மாத இலக்கு, காலாண்டு இலக்கு, அந்த வருடத் தயாரிப்பைத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் எல்லாம் கழுத்தைப் பிடிப்பது அந்த இரண்டாம் பாதியில்தான். மார்கழி பார்க்காத குடும்பமாக இருந்தால் டிசம்பர் 20க்கு மேல் போய் உட்காருங்கள். மேனேஜரே நேரில் வந்து பேசுவார்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 8 லட்சம் உள்ள ஒரு பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் எல்லாம் சேர்த்து 50,000 தள்ளுபடி, ஜனவரியில் 15,000. ஜனவரியில் விலையும் ஒன்றரை சதவீதம் ஏறுகிறது, அது 12,000. ஏறிய தொகைக்கு 13 சதவீத சாலை வரி 1,560. ஆக டிசம்பரில் வாங்கியவருக்கு மிச்சம் 48,560 ரூபாய். இப்போது மறுபக்கம். டிசம்பரில் வாங்கிய காரின் பதிவுச் சான்றிதழான ஆர்சியில் தயாரிப்பு மாதம், வருடம் இரண்டும் பதிவாகியிருக்கும். மூன்றே வாரம் கழித்து வாங்கியவரின் ஆர்சியில் அடுத்த வருடம் இருக்கும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் வண்டியின் விலை ‘எந்த வருட மாடல்’ என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. நான்கு வருடம் கழித்து விற்கும்போது அந்த ஒரு வருட வித்தியாசத்துக்கு 40,000 குறைத்துக் கேட்டார்கள் என்றால், டிசம்பர் லாபத்தில் கிட்டத்தட்ட எல்லாம் திரும்பிப் போய்விட்டது. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும், அவர் நஷ்டப்படவே வாய்ப்பு அதிகம். பத்து வருடம் ஓட்டுகிறவருக்கோ அந்த வித்தியாசம் சுருங்கிச் சில ஆயிரங்களில் நிற்கும், டிசம்பர் மிச்சத்தில் பெரும்பகுதி அவர் கையில் தங்கும். நம் ஊரில் முதல் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களில் பலர் அதை எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவர்கள். அவர்களிடம் ‘மாடல் வருடம் போய்விடும்’ என்று பயமுறுத்தி டிசம்பர் தள்ளுபடியைத் தவறவிடச் செய்வது சரியான ஆலோசனை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரியில் வாங்குவதில் இரண்டு வகை இருக்கிறது, பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, புது வருடத்தில் தயாரான வண்டி. இதற்குச் சலுகை குறைவு, விலையும் ஏறியிருக்கும். தை முதல் தேதி டெலிவரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். மற்றொன்று, டிசம்பரில் விற்காமல் நின்றுபோன போன வருடத் தயாரிப்பு. ஜனவரி 1 விடிந்ததும் அது ‘பழைய வருட’ வண்டியாகிவிடுகிறது, அதனால் அதற்குக் கிடைக்கும் தள்ளுபடி சில நேரம் டிசம்பரையும் மிஞ்சும். பிப்ரவரி வரை தாங்கிவிட்ட வண்டி என்றால் டீலரே இன்னும் இறங்கி வருவார். ஆனால் ஆர்சியில் பதிவு தேதி புது வருடமாகவும் தயாரிப்பு பழைய வருடமாகவும் இருக்கும். விற்கும்போது பதிவு வருடத்தைச் சொல்லி விலை கேட்டால், வாங்க வருகிற புரோக்கர் ஆர்சியைத் திருப்பிப் பார்த்துத் தயாரிப்பு வருடத்துக்கு இறக்கிவிடுவார். நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பணம் முழுவதும் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கு முன், அந்த வண்டியை யார்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் சேசிஸ் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதினேழு எழுத்து எண்ணுக்குள் தயாரிப்பு வருடம் குறியீடாக இருக்கும். மாதம் எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவிடம் விளக்கச் சொல்லி அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் குனிந்து டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 3225 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரான டயர், அதாவது ஆகஸ்ட் வாக்கில். நவம்பரில் செய்த வண்டி என்று சொல்லிவிட்டு டயர் பிப்ரவரியைக் காட்டினால் விளக்கம் கேளுங்கள். நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும். வெயிலில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு வரும் கோளாறுகள் வேறு. பேட்டரி இறங்கியிருக்கும். பிரேக் டிஸ்க்கில் துரு படர்ந்திருக்கும். லேசான துரு நாலு பிரேக்கில் போய்விடும், ஆழமாகக் குழி விழுந்திருந்தால் போகாது. பானெட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்திருக்கலாம், எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கதவு ரப்பர், வைப்பர் ரப்பர் காய்ந்திருக்கிறதா, பெயின்ட்டில் பறவை எச்சம் அரித்த தடம் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். இதில் பெரும்பாலானவை பெரிய குறை இல்லை, ஆனால் எல்லாவற்றையும் டெலிவரிக்கு முன்பே மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணம் முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த உரிமையை நிலைநாட்ட அலைய வேண்டியிருக்கும்.

மார்ச் பற்றி ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் பார்வையில், நான்கைந்து வருடத்தில் கார் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு மார்ச்சின் கடைசிப் பத்து நாள்தான் மிகச் சிறந்த நேரம். காலாண்டும் நிதியாண்டும் சேர்ந்து முடிகிற மாதம் அது. வருட இலக்கை எட்டினால்தான் நிறுவனம் தரும் ஊக்கத்தொகை டீலருக்கு முழுதாக வரும் என்பதால், கடைசிச் சில வண்டிகளில் தன் சொந்த லாபத்தைக்கூட விட்டுக்கொடுப்பார். உங்களுக்குக் கிடைப்பதோ ஜனவரி, பிப்ரவரியில் தயாரான புத்தம்புது வருட வண்டி. ஏப்ரலில் இன்னொரு சுற்று விலையேற்றம் வரும் வழக்கமும் இருக்கிறது, அதற்கும் முன்னால் வாங்கிவிடுகிறீர்கள். தள்ளுபடித் தொகை டிசம்பர் அளவுக்கு இருக்காது. ஆனால் விற்கும்போது போகும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மார்ச் பல நேரம் முந்திக்கொள்ளும்.

தொழில் கணக்கில் கார் வாங்குகிறவர்களுக்கு மார்ச்சில் இன்னொரு காரணமும் உண்டு. வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி, அதாவது ஏழரை சதவீதம். மார்ச் 25இல் வாங்கி ஓட்டத் தொடங்கினாலும் அந்தப் பாதி கிடைத்துவிடும், ஏப்ரல் 2இல் வாங்கினால் முடிகிற ஆண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. செப்டம்பருக்குள் வாங்கினால் முழு 15 சதவீதமும் கிடைக்கும். ஆகவே தொழில் செய்கிறவர் அக்டோபர் பிறப்பதற்குள் வாங்குவது, இல்லாவிட்டால் மார்ச் வரை பொறுப்பது என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். மார்ச்சில் எடுப்பதானால் பதிவு 31ஆம் தேதிக்குள் முடிந்து வண்டி கைக்கு வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது.

ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம்பிக்கை பார்க்காதவருக்கு அமைதியாக, அவசரமில்லாமல் கார் பார்க்க ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது. டெஸ்ட் டிரைவ் நீளமாகத் தருவார்கள், கேட்ட நிறம் கிடைக்கும், தள்ளுபடியும் சுமாராக உண்டு. நம்பிக்கை உள்ள வீட்டில் ஆடிப்பெருக்கு அன்று டெலிவரி எடுத்துக்கொண்டு, பேரத்தை ஆடி முதல் வாரத்திலேயே முடித்து வைக்கலாம். ஆயுத பூஜை, தீபாவளி நேரம் அப்படி இல்லை. எல்லோருக்கும் அதே நாளில் வண்டி வேண்டும், அதனால் நன்றாக விற்கும் மாடல்களுக்குச் சலுகை பெயரளவில்தான் இருக்கும். வங்கிகள் பிராசசிங் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது உண்டு, அது சில ஆயிரம். ஒரே நாளில் நிறைய வண்டிகளைக் கொடுத்து அனுப்பும் ஷோரூமில் உங்கள் வண்டியை யார் நிதானமாகச் சரிபார்ப்பார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது, ஆனால் அதைச் சிக்கனக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தள்ளுபடியைவிடப் பெரிய தொகையை மாற்றிவிடும் ஓர் எல்லைக்கோடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.95 லட்சம் விலையுள்ள வேரியண்டுக்கு வரி 1,29,350 ரூபாய். ஜனவரியில் ஒன்றரை சதவீதம் ஏறி அது 10.10 லட்சத்தைத் தொட்டால் வரி 1,81,800. விலை ஏறியது 15,000 மட்டும்தான், ஆனால் வரி 52,000க்கு மேல் ஏறிவிட்டது. பத்து லட்சத்தைத் தாண்டும் காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ்ஸும், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியும், பிடிப்பார்கள். அதை வருமான வரி தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம், இருந்தாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. நீங்கள் பார்க்கும் வேரியண்ட் ஒன்பதே முக்கால் லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் நடுவில் நிற்கிறது என்றால், மற்ற எல்லா யோசனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு விலையேற்றத்துக்கு முன்பே வாங்குங்கள். ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு படி கீழே உள்ள வேரியண்டை ஒருமுறை நிஜமாகவே பரிசீலியுங்கள்.

மாடல் மாறும் நேரத்தில் கிடைக்கும் சலுகை வேறு ரகம். புது வடிவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பழையதைக் கணிசமாகக் குறைத்துத் தருவார்கள். பம்பரும் விளக்கும் திரையும் மட்டும் மாறி, எஞ்சினும் உடற்கட்டும் அதேதான் என்றால் பழையதைத் தயங்காமல் எடுக்கலாம். கோளாறு எல்லாம் தீர்ந்து பக்குவப்பட்ட வண்டி அது, உதிரிப் பாகமும் எல்லா ஊரிலும் கிடைக்கும். பாதுகாப்பு மாறுகிறது என்றால் எத்தனை குறைத்தாலும் நான் பழையதை எடுக்கச் சொல்லமாட்டேன். 2024 நவம்பர் 11 அன்று வந்த மாருதியின் புது டிசையரை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் இரண்டு ஏர்பேக் இருந்த இடத்தில் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக் வந்தது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. விலையும் 6.79 லட்சத்தில் தொடங்கியது, அந்த அறிமுக விலை டிசம்பர் 31 வரைதான் என்றும் சொல்லிவிட்டார்கள். பழையதைத் தள்ளுபடியில் எடுப்பதா, புதியதை அறிமுக விலையில் எடுப்பதா என்று அந்த ஆண்டு யோசித்தவர்களுக்குப் பதில் தெளிவாகவே இருந்தது. குடும்பம் முழுவதும் உட்கார்ந்து திருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும் நான்கு வழிச்சாலையில் போகிற வண்டி. அந்த நான்கு ஏர்பேக்குக்கு ஈடான தள்ளுபடி எந்த டீலராலும் தர முடியாது.

வரி மாற்றத்துக்காகக் காத்திருக்கலாமா என்ற கேள்வி 2025இல் எல்லோருக்கும் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜிஎஸ்டி மாற்றம் வரும் என்றார், செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் ஒரு சதவீத செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. 8 லட்சம் விலையிருந்த அப்படிப்பட்ட ஒரு கார் இந்தக் கணக்குப்படி சுமார் 7.32 லட்சத்துக்கு வந்தது. ஆடித் தள்ளுபடி, ஓணம் தள்ளுபடி எதுவும் இந்த 68,000க்குச் சாதாரணமாக ஈடாகாது. அரசு தேதியோடு அறிவித்த மாற்றம் என்றால் காத்திருப்பதுதான் சரி. பட்ஜெட்டில் குறைக்கப்போகிறார்களாம், அடுத்த மாதம் ஏதோ வரப்போகிறதாம் என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் செலவழிப்பது வேறு விஷயம்.

எந்த மாதம் போனாலும் கொட்டேஷனைப் பிரித்துப் பிரித்து எழுதி வாங்குங்கள். ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, சில நிறுவன ஊழியர்களுக்கான கார்ப்பரேட் சலுகை எவ்வளவு என்று தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ‘எழுபதாயிரம் வரை’ என்று பேனரில் இருப்பது பெரும்பாலும் இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை. பழைய காரே இல்லாதவருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் கிடைக்காது. இருப்பவரும், வெளியில் விற்றால் எவ்வளவு வரும் என்று விசாரித்துவிட்டுத்தான் டீலரிடம் கொடுக்க வேண்டும். 25,000 போனஸ் தருகிறேன் என்று சொல்லிப் பழைய வண்டியை 40,000 குறைத்து மதிப்பிடுவது நடக்கிறது. ஓடாத நிலையில் உள்ள பழைய காரை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஸ்கிராப் செய்து சான்றிதழ் வைத்திருந்தால், பல நிறுவனங்கள் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒன்றரை சதவீதம் அல்லது 20,000, இதில் எது குறைவோ அதை ஓராண்டுக்குத் தள்ளுபடியாகத் தருவதாக 2024இல் ஒப்புக்கொண்டன. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், இப்போதும் அது உண்டா என்று கேளுங்கள். இன்சூரன்ஸை வெளியில் எடுத்தால் தள்ளுபடி கிடையாது என்று சொன்னால், இரண்டு விலையையும் எழுதித் தரச் சொல்லி, வெளியில் கேட்ட பிரீமியத்தோடு வைத்துப் பாருங்கள். தள்ளுபடியில் பாதி அந்தப் பிரீமிய வித்தியாசத்தில் ஒளிந்திருக்கலாம்.

புக்கிங் ஃபாரத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: டெலிவரி அன்று உள்ள விலையே செல்லும். சலுகைக்கும் இதே விதிதான், பில் போட்ட மாதத்தின் சலுகைதான் உங்களுக்குக் கிடைக்கும். டிசம்பர் 10இல் புக் செய்து, தை முதல் தேதி டெலிவரி எடுத்துக்கொள்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவருக்கு டிசம்பர் தள்ளுபடியும் கிடைக்காமல் போகலாம், ஜனவரி விலையும் தலையில் விழலாம். தை வரை பொறுத்து எடுப்பதுதான் விருப்பம் என்றால், டிசம்பர் 31க்குள் பில் போட்டுப் பதிவையும் முடித்துவிட்டு வண்டியை ஷோரூமிலேயே இரண்டு வாரம் நிழலில் நிறுத்தி வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். அதை வாய்வார்த்தையாக விடாமல், சேசிஸ் நம்பரோடு, டெலிவரி வரை வண்டியின் பொறுப்பு டீலருடையது என்ற வரியோடு லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.